கலங்கல் எங்கே போகிறது?

சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் தழைத்ததற்கு வறண்ட காற்றைத்தான் எல்லோரும் காரணம் சொல்வார்கள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியபோது, ஈரம் குறைந்த ஊர்க் காற்றே அவர்களுக்குப் பாதி முதலாக அமைந்தது. கண்ணாடித் தொட்டியில் செடியும் மீனும் வளர்ப்பவருக்கு அதே வறட்சி தலைவலி. விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். வெம்பக்கோட்டை அணையும் மானூர் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் கைகொடுக்காத கோடையில் குடக் கணக்கில் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கும் ஊர்கள் இவை. தொட்டி கலங்கினால் மொத்தத் தண்ணீரையும் மாற்றிவிடுங்கள் என்ற அறிவுரை தாமிரபரணிக் கரையில் எடுபடலாம். இங்கே அந்த நீருக்கு ஒரு விலை உண்டு.

எனவே கேள்வி இப்படி ஆகிறது: செடித் தொட்டியில் மிதந்து அலையும் இலைத் துணுக்கு, கசடு, மண் தூள் எல்லாவற்றையும் தண்ணீரைக் கொட்டாமல் வெளியே எடுப்பது எப்படி? வண்ண மீன் கடைகளில் இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். “அண்ணாச்சி, மூணு நாளா தெளிய மாட்டேங்குது” என்று யாராவது சொன்னால், இருப்பதைவிடப் பெரிய ஃபில்டர் ஒன்று மேசைக்கு வரும். பல நேரங்களில் அந்தப் பதில் தவறு. ஏன் தவறு என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

முதலில் மிதப்பது எது என்று தெரிய வேண்டும். இரவில் அறை விளக்கையும் தொட்டி விளக்கையும் அணைத்துவிட்டு, செல்பேசி டார்ச்சைப் பக்கக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, முன்பக்கமிருந்து பார்த்தால் போதும். தனித்தனிப் புள்ளிகளாக மினுங்கி நகர்ந்தால் அவை பெரிய துகள்கள். மனிதக் கண்ணுக்குத் தனித்துத் தெரிய ஏறத்தாழ 50 மைக்ரானாவது இருக்க வேண்டும். புள்ளியே இல்லாமல் ஒளிக்கற்றை மட்டும் வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தால் அது நுண்மண் அல்லது பாக்டீரியாப் பெருக்கம். பட்டை பச்சையாக இருந்தால் ஒற்றைச் செல் பாசி. புள்ளிகளை ஃபில்டர் பஞ்சு பிடிக்கும். வெள்ளைப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் சாதாரணப் பஞ்சு ஒன்றும் செய்யாது. பெரிய ஃபில்டர் வாங்கியும் தெளியாமல் தவிப்பவர்களில் கணிசமானோர் இந்த இரண்டாவது வகைத் தொல்லைக்கு முதல் வகை மருந்தைப் போட்டவர்கள்.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம்? நீரில் துகள் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் இருமடி விகிதத்தில் மாறும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும். 28 டிகிரி நீரில் 20 மைக்ரான் மண் துகள் 30 சென்டிமீட்டர் ஆழத்தைக் கடக்கச் சுமார் 12 நிமிடம் போதும். 2 மைக்ரான் களிமண்ணுக்கு அதே தூரம் ஏறக்குறைய 20 மணி நேரம். அதுவும் நீர் அசையாமல் நின்றால்தான். சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை வட்டாரத்துக் கரிசல் மண்ணில் இருக்கும் களிமண் இதைவிடவும் நுண்ணியது; பருத்திக்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும் அதே குணம் தொட்டியில் மாதக்கணக்கில் தெளியாத சாம்பல் நீராக வெளிப்படும். காசு மிச்சம் என்று கரிசலை அள்ளி அடியில் போட்டு, மேலே மணல் மூடாமல் விட்டவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். செம்மண்ணோ ஆற்று வண்டலோ இந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

அழுகிய இலையின் கதை வேறு. அதன் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுத்தான் அதிகம். ஆகவே 20 மைக்ரான் மண் 12 நிமிடத்தில் கடக்கும் ஆழத்தை அதே அளவு இலைத் தூள் கடக்க 16 மணி நேரம்கூட ஆகலாம். லேசான நீரோட்டம் இருந்தாலும் அது இறங்கவே இறங்காது. ஒளிச்சேர்க்கையில் வந்த ஆக்சிஜன் குமிழி ஒன்று ஒட்டிக்கொண்டால் மேலேயே போய்விடும். செடித் தொட்டியின் கசடு மீன் மட்டும் இருக்கும் தொட்டியின் கசடைப் போல நடந்துகொள்ளாததற்கு இதுவே காரணம்: மீன் கழிவு அடியில் தங்குகிறது, செடிக் கழிவு நடுநீரில் சுற்றுகிறது.

இந்தத் தொல்லை செடித் தொட்டியோடு கூடவே பிறந்தது. லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் 1850இல் வெளியிட்ட குறிப்பில், ஏறத்தாழ 12 காலன் கண்ணாடிக் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் ஒரு வாலிஸ்னேரியாச் செடியையும் வைத்ததைப் பதிவு செய்கிறார். நம் கண்மாய்களில் வேலம்பாசி என்று வழங்குவதும் வாலிஸ்னேரியா இனம்தான். செடி ஆக்சிஜன் தர, மீன் பிழைத்தது. ஆனால் பழைய இலைகள் அழுகின. நீர் கலங்கிப் பச்சை வழவழப்புப் படர்ந்தது. ஐந்தாறு குளத்து நத்தைகளை உள்ளே விட்டு அவர் அதைச் சமாளித்தார். இன்னொன்றும் செய்தார்: லண்டன் காற்றின் புகைக்கரித் தூசி விழாமல் இருக்க, செம்புக் கம்பி வளையத்தில் மஸ்லின் துணியைக் கட்டிக் கலத்தின் வாயை மூடினார். ஃபில்டர், மோட்டார் எதுவும் இல்லாத காலத்தில் கசடு உண்டாகும் இடத்தையும் தூசி நுழையும் இடத்தையும் அவர் அடைத்த விதம் இன்றைக்கும் பொருந்துகிறது.

சிவகாசிக்கு அந்த மஸ்லின் மிகவும் பொருந்தும். ஆஃப்செட் அச்சில் புதிதாக அச்சான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஸ்டார்ச் பவுடர் தூவுவார்கள். காகிதம் வெட்டும் இடத்தில் இழைத் தூசி பறக்கும். அச்சக முன்னறையில் மூடியில்லாமல் வைத்த தொட்டியின் நீர்ப்பரப்பில் இதெல்லாம் வந்து படியும். ஸ்டார்ச் பாக்டீரியாவுக்கு நல்ல தீனி. எண்ணெய்ப் பளபளப்போடு மேலே ஆடை படர்ந்தால் ஃபில்டரைக் குறை சொல்வதற்கு முன் மூடியைப் பார்ப்பது நல்லது. ஒரு கண்ணாடிப் பலகை ஆவியாதலையும் குறைக்கும். ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பு நீரை ஊற்றி ஊற்றித் தொட்டி கடினமாவதும் குறையும்.

இனி வடிகட்டலுக்கு வருவோம். ஜெர்மனியின் ஏஹைம் நிறுவனம் 1960களில் தொட்டிக்கு வெளியே நிற்கும் உறிஞ்சு ஃபில்டரைக் கொண்டுவந்த பிறகு, செடித் தொட்டிக்காரர்களின் விருப்பம் பெரும்பாலும் அந்த வழியே போனது. இன்று கடைகளில் கேனிஸ்டர் என்று கேட்டால் கிடைப்பது அதன் வாரிசு. டாப் ஃபில்டர், பக்கத்தில் தொங்கும் ஹேங்-ஆன், உள்ளே மூழ்கும் பவர் ஃபில்டர், காற்றுக் குமிழால் இயங்கும் ஸ்பாஞ்ச் என்று மலிவு வகைகளும் ஏராளம். இவற்றை விலைவாரியாக ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை. எல்லாவற்றிலும் வேலை ஒன்றுதான்: கரடான ஸ்பாஞ்ச், அடுத்து நெருக்கமான ஸ்பாஞ்ச், கடைசியில் வெள்ளைப் பாலியெஸ்டர் பஞ்சு. இந்த வரிசை மாறிப் பஞ்சு முன்னால் வந்தால் இரண்டே நாளில் அடைத்துக்கொள்ளும். செராமிக் வளையங்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்குக் குடியிருப்பு. துகள் பிடிக்கும் வேலையை அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. கொட்டாங்கச்சிக் கரி நீரின் மஞ்சள் நிறத்தை எடுக்கும், துகளை எடுக்காது.

முன்னே சொன்ன கணக்கு இதுதான். நன்றாகக் கலந்த தொட்டியில், தொட்டியின் கொள்ளளவு நீர் ஒருமுறை ஃபில்டருக்குள் போய்வந்தால் துகள் எல்லாம் போய்விடும் என்று தோன்றும். போகாது. சுத்தமாகி வந்த நீரும் கலங்கல் நீரும் கலந்தே மீண்டும் உள்ளே போவதால், வரும் துகளை முழுவதும் பிடிக்கும் ஃபில்டரே ஒரு சுற்றில் 63 விழுக்காடுதான் எடுக்கும். மூன்று சுற்றில் 95. வருவதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிடிக்கும் சாதாரண ஸ்பாஞ்சுக்கு அதே 95 விழுக்காட்டுக்கு ஒன்பது சுற்று வேண்டும். இரண்டடித் தொட்டி ஒன்றில், மண்ணும் கல்லும் போக, 55 லிட்டர் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டியில் மணிக்கு 500 லிட்டர் என்று அச்சிட்ட மோட்டார், ஸ்பாஞ்சும் குழாயும் உயரமும் தின்றது போக 250 லிட்டர்தான் தள்ளும் என்று கொள்வோம். அப்போதும் மணிக்கு நாலரைச் சுற்று. அதாவது இரண்டு மணி நேரத்தில் தொட்டி தெளிந்தாக வேண்டும்.

தெளியவில்லை என்றால்? மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். துகள் பஞ்சின் ஓட்டைக்குள் புகுந்துபோகும் அளவுக்கு நுண்ணியது. அல்லது துகள் ஃபில்டர் வாய்க்கே வருவதில்லை. அல்லது எடுக்கும் வேகத்துக்குப் புதிய துகள் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. மூன்றில் எதற்கும் பெரிய மோட்டார் நேரடித் தீர்வு அல்ல. மூன்றாவது காரணத்துக்கு மோட்டாரை இரட்டிப்பாக்கினால் மிதக்கும் துகள் பாதியாகும், அவ்வளவுதான்; மின்சாரமும் மீனின் களைப்பும் இரட்டிப்பாகும்.

இரண்டாவது காரணம்தான் நீரோட்டத்தின் கதை, இந்தத் துறையில் அதிகம் கவனிக்கப்படாததும் அதுவே. ஃபில்டரின் வெளிக்குழாயை ஒரு மூலையிலும் உறிஞ்சு குழாயை எதிர் மூலையிலும் வைப்பது இயல்பாகத் தோன்றும். நீளத் தொட்டியில் அப்படி வைத்தால் மேல் நீர் நேராக ஓடி உறிஞ்சப்பட்டுவிடும். கீழே செடிகளுக்கிடையில் அசைவே இருக்காது. இரண்டையும் ஒரே பக்கம் வைத்து, வெளிக்குழாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே முன்கண்ணாடி ஓரமாகத் திருப்பினால், ஓட்டம் எதிர்ச்சுவரில் மோதிக் கீழிறங்கி அடி வழியாகத் திரும்பி உறிஞ்சு குழாய்க்கே வரும். எல்லாச் செடிகளின் இலையும் லேசாக ஒரே திசையில் அசைந்தால் வட்டம் சரியாக அமைந்திருக்கிறது என்று பொருள். அசையாமல் நிற்கும் புதர்தான் கசடு தேங்கும் இடம். அங்கே நீரைத் தள்ளும் சிறு மோட்டார் (பவர் ஹெட்) ஒன்றைத் திருப்பி வைப்பது ஃபில்டரை மாற்றுவதைவிட மலிவு. சந்தேகமிருந்தால் நான்கைந்து துளி பாலை ஊசியில் எடுத்து அந்தப் புதருக்குள் விட்டுப் பார்க்கலாம். வெண்புகை எந்தப் பக்கம் போகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

நீர்ப்பரப்பு தனிச் சிக்கல். மேலே மிதக்கும் வெட்டிய தண்டு, பாசித் துணுக்கு, எண்ணெய் ஆடை எதுவும் ஆழத்திலிருக்கும் உறிஞ்சு குழாய்க்கு எட்டாது. மேல்நீரைச் சரித்து உறிஞ்சும் ஸ்கிம்மர் ஒன்றை நாளுக்குச் சில மணி நேரம் ஓட்டினால் போதும். பரப்பைக் கலக்கி ஆடையை உடைக்கலாம் என்று வெளிக்குழாயைத் தூக்கி வைப்பவர்களும் உண்டு. சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு செலுத்தும் தொட்டியில் அப்படிச் செய்தால் வாயு வீணாய்ப் பறக்கும். ஜப்பானின் டகாஷி அமானோ வழியில் தொட்டி வைப்பவர்கள் பகலில் பரப்பைச் சலனமில்லாமல் விட்டு, வாயுவை நிறுத்திய இரவில் குழாயை உயர்த்திக் காற்றூட்டுவார்கள். விருதுநகர்க் கோடையில் அந்த இரவுக் காற்று அவசியமே: 25 டிகிரி நீர் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் ஆக்சிஜன் ஏந்தும், 32 டிகிரியில் அது 7.3 ஆகக் குறையும். இரவில் செடியும் மீனும் ஃபில்டர் பாக்டீரியாவும் ஒரே இருப்பிலிருந்துதான் மூச்சு விடுகின்றன.

ஆழ்குழாய்க் கிணற்று நீர் ஊற்றுபவர்கள் வெள்ளைத் தூள் மிதப்பதாகச் சொல்வதுண்டு. அது எப்போதும் அழுக்கு அல்ல. கடின நீரில் கார்பன் டை ஆக்சைடு போதாதபோது வேலம்பாசி போன்ற செடிகள் பைகார்பனேட்டை எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் சுண்ணாம்பு இலைமேல் படிந்து உதிரும். இதைப் பஞ்சால் துரத்துவது வீண். மழைநீரையோ ஆர்.ஓ. நீரையோ பாதி கலந்தால் அடங்கும்.

நுண்கலங்கலுக்குக் கரிசல் காட்டுக்குச் சொந்த மருந்தே ஒன்று உண்டு. ஊருணித் தண்ணீரைக் குடத்தில் ஊற்றுமுன் குடத்தின் உட்சுவரில் தேற்றாங்கொட்டையை உரைத்து, பிறகு தெளிநீரை இறுப்பது தென்மாவட்டங்களில் நெடுங்காலப் பழக்கம். கலித்தொகையிலேயே தேற்றாங்கொட்டையால் தெளிந்த நீர் உவமையாக வருகிறது. கொட்டையிலிருந்து கரையும் நீள மூலக்கூறுகள் களிமண் துகள்களைக் கோத்துப் பெரிதாக்குகின்றன. பெரிதானால் இறங்கும் வேகம் விட்டத்தின் இருமடி விகிதத்தில் கூடும் என்பது மேலே பார்த்த கணக்கு. படிகாரம் இதையே அலுமினியத்தால் செய்கிறது. கடைகளில் நீல, வெள்ளைப் பாட்டில்களில் வரும் தெளிவூட்டிகளும் அதே குடும்பம்.

ஆனால் குடத்துக்கும் தொட்டிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது: குடத்தில் மீன் இல்லை. படிகாரம் பி.எச். அளவைக் குறைக்கும்; அமில நீரில் கரைந்த அலுமினியம் மீனின் செவுளைத் தாக்கும். இந்த வட்டாரக் கடின நீர் அந்த வீழ்ச்சியைப் பெரிதும் தாங்கிக்கொள்ளும் என்றாலும், ஆர்.ஓ. நீர் ஊற்றிய தொட்டியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. திரண்ட கட்டிகள் இலைமேலும் படியும். ஊற்றப் போகும் நீரைத் தனி வாளியில் தேற்றி, தெளிந்த மேல்நீரை மட்டும் தொட்டிக்குள் விடுவதே பாட்டிமார் முறையின் சரியான பயன்பாடு. பச்சைத் தண்ணீருக்கு யு.வி. விளக்கு நன்றாக வேலை செய்கிறது. அது பாசியைக் கொல்லும், அகற்றாது. செத்த செல்களைப் பிடிக்கப் பஞ்சு வேண்டும், வெளிச்ச நேரத்தையும் குறைக்க வேண்டும்.

உயிருள்ள உதவியாளர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஆய்வு முழுமையாகாது. வாரிங்டனின் நத்தை இலையைத் தின்றது உண்மை. தின்றதை அது நுண்கழிவாகத் திருப்பித் தந்ததும் உண்மை. இறால்களும் அப்படித்தான். மதுரைப் பக்கம் குழம்புக்குப் பேர்போன அயிரை மீனைச் செடித் தொட்டியில் விடுபவர்கள் இருக்கிறார்கள். அது மணலை வாயில் வாங்கிச் செவுள் வழியே கொட்டித் தீனி தேடும். அடியில் படிந்ததெல்லாம் மேலே எழும். ஓட்டம் சரியாக உள்ள தொட்டியில் எழும்பிய கசடு ஃபில்டருக்குப் போய்விடும். அயிரை அங்கே பெருக்கும் கை. ஓட்டமில்லாத தொட்டியில் அதே மீன் நிரந்தரக் கலங்கல். சின்ன விளக்குமாறு போலத் தூள் இலைகளை உதிர்க்கும் ஹார்ன்வோர்ட், நாற்றங்காலில் காற்றில் வளர்ந்து தொட்டிக்கு வந்ததும் இலை கரையும் கிரிப்டோகொரைன் போன்ற செடிகளின் உதிரும் இலைகளைத் தொடக்க வாரங்களில் கையால் கிள்ளி எடுத்துவிட்டால், கசடின் ஊற்றே பாதி அடைபடும்.

கசடு அவ்வளவும் கெட்டதா? அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999இல் வெளியிட்ட நூலில், மண்ணடித் தளமும் அடர்ந்த செடிகளும் உள்ள தொட்டிக்கு ஃபில்டர் மிகக் குறைவாகப் போதும், அடியில் படியும் கசடு செடிக்கு உரம் என்று வாதிட்டார். அமானோவின் வழி இதற்கு நேரெதிர். 2015இல் லிஸ்பன் காட்சியகத்தில் அவர் அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டியில் 1,60,000 லிட்டர் நீரும் கண்ணாடியாகத் தெளிந்திருக்க வேண்டும் என்பதே இலக்கு. இருவரும் வேறு வேறு கசடைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கொண்டால் முரண் குறைகிறது. வேரடியில் அமர்ந்த கசடு உரம். இலைமேல் அமர்ந்து வெளிச்சத்தை மறைப்பதும் நடுநீரில் மிதப்பதும் தொல்லை. குறைந்த பராமரிப்பில் வால்ஸ்டட் முறை நம்மூர் வீட்டுக்குப் பொருத்தமானதே. 38 டிகிரிக் கோடையில் ஒரு சிறு காற்று மோட்டாராவது இல்லாமல் அதை நம்பக் கூடாது.

ஒன்றை மட்டும் எல்லா முறைகளும் ஒத்துக்கொள்ளும். ஃபில்டர் கசடை அகற்றுவதில்லை. ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது. பஞ்சில் சிக்கிய இலை இன்னும் தொட்டி நீரில்தான் ஊறுகிறது, அங்கேயே அழுகி அம்மோனியாவைக் கரைக்கிறது. கை வைத்து வெளியே எடுக்கும்வரை அது போனதாகக் கணக்கில்லை. ஆகவே கேனிஸ்டரின் உறிஞ்சு குழாய்முனையில் ஒரு கரட்டு ஸ்பாஞ்சைச் செருகி வாரம் ஒருமுறை அதை மட்டும் பிழிவது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டர் முழுவதையும் பிரிப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும். பிழிவதற்குக் குளோரின் கலந்த குழாய்நீர் வேண்டாம், தொட்டியிலிருந்தே எடுத்த அரை வாளி போதும், பாக்டீரியா பிழைக்கும். அந்தப் பழுப்பு நீர் மல்லிகைக்கோ தென்னைக்கோ போனால் வாங்கிய தண்ணீர் இரண்டு முறை உழைக்கும்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் இதற்கெல்லாம் சோதனை. காலை 9 முதல் மாலை 5 வரை மின்தடை என்று நாளிதழில் வந்தால், மூடிய கேனிஸ்டருக்குள் எட்டு மணி நேரம் நீர் நகராது. உள்ளேயிருக்கும் பாக்டீரியா சிறிது நேரத்திலேயே ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மாலையில் கரண்ட் வந்ததும் மோட்டார் தானாகக் கிளம்பி நாற்றமடிக்கும் கருநீரைத் தொட்டிக்குள் துப்பும். அன்று காலையிலேயே பிளக்கைக் கழற்றி வைத்து, மாலையில் கேனிஸ்டரைத் திறந்து பழைய நீரைக் கொட்டி, ஸ்பாஞ்சை அலசிவிட்டு ஓட விட வேண்டும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டாரோடு ஒரு சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் துணைக்கு வைத்திருப்பவர்களுக்குப் பகல் முழுக்க மீனைப் பற்றிய கவலை கிடையாது. அந்த மோட்டாருக்கு வேண்டியது நான்கைந்து வாட் மின்சாரம்.